சடையன் கடைந்த எலுமிச்சை ஐஸ்

நெல்லிவாசல்நாட்டு மலையிலிருந்து இறங்கி வந்த சடையன், அமிர்தி காட்டு பங்களாவில் பதினோரு வருஷமாகச் சமையல்காரன். ராக்காவல், கக்கூஸ், ரேஞ்சரின் பூட்ஸ் எல்லாம் அவன் தலையில்தான். இருந்தும் தினக்கூலி. 1977 சித்திரையில் ரேஞ்சர் ஒரு தாளைக் கண்ணில் காட்டினார். அவனை நிரந்தரமாக்கும் சிபாரிசு. கையெழுத்து மட்டும் பாக்கி.

"வாணியம்பாடியில தோல் பதனிடற ஷாப்புக்கு மிஷின் பூட்ட வந்த இத்தாலிக்காரர் ஞாயித்துக்கெயம வர்றாரு. ஜில்லா ஆபீஸ் பெரிய ஐயாவோட விருந்தாளி. போன தபா அவரு செஞ்சி காட்டினாரே, அந்த எலுமிச்ச ஐஸ் சரக்கு, அத நீ செய்யணும். நல்லா வந்தா கையெழுத்து. இல்லன்னா மலைக்கே ஏறிக்கோ."

மாநிலம் முழுக்க மதுவிலக்கு. வெள்ளைக்காரருக்கு மட்டும் பர்மிட் உண்டு.

உமியும் சாக்கும் சுற்றிய ஐஸ் பாளம் வேலூர் பஸ்ஸின் கூரையில் வந்தது. வழியிலேயே பாதி கரைந்திருந்தது. சடையன் அதை உடைத்து, கல்லுப்பு தூவி, நடுவில் மூடி போட்ட தகர டப்பாவைப் புதைத்தான். டப்பாவுக்குள் எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும். ஒரு மணி நேரம் இடமும் வலமுமாகத் திருப்பினான். உப்புத் தண்ணீரில் விரல்கள் வெடித்தன. ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டிச் சுரண்டி மத்தால் கடைந்தான். பஞ்சு மாதிரி வந்தது.

இனி நுரைக்கும் ஒயினும், தண்ணீர் போலத் தெளிந்த காரச் சரக்கும் ஊற்ற வேண்டும். இத்தாலிக்காரர் பெட்டியைத் திறந்தார். ஒயின் இருந்தது. ஜீப் குலுங்கியதில் காரச் சரக்கு பாட்டில் உடைந்து போயிருந்தது.

ரேஞ்சரின் கண் ஆபீஸ் மூலைக்குப் போனது. போன வாரம் மலையில் பிடித்த சாராயக் கேன், அரக்கு முத்திரையோடு போலீசுக்காகக் காத்திருந்தது. முத்திரையை உடைத்தார்.

"ஐயா, அது கேசு சாமானுங்க."

"கேசு போட்டவனே நான்தான்டா. ஒரு டம்ளர் மொதல்ல நீ குடி. விஷமா இருந்து வெள்ளைக்காரன் செத்தா என் வேல போய்டும்."

சடையனின் அண்ணன் மாதையன் இப்படியொரு சரக்கில்தான் கண் போய்ச் செத்தான். அன்றிலிருந்து சடையன் தொட்டதில்லை. இன்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். அரை மணி நேரம் அவனை வெயிலில் நிற்க வைத்தார்கள்.

"மலை தெரியுதாடா?"

"தெரியுதுங்க."

"அப்ப சரி. ஊத்து."

இத்தாலிக்காரர் மூன்று கோப்பை குடித்தார். சடையனின் வெடித்த கையைப் பிடித்துக் குலுக்கினார். "காலைல கையெழுத்துடா" என்றார் ரேஞ்சர்.

விருந்தாளியின் ஜீப் கிளப்பிய புழுதி அடங்கவில்லை, போலீஸ் ஜீப் வந்தது. கேனை எடுத்துப்போகத் திங்கட்கிழமை வர வேண்டியவர்கள் ஒருநாள் முந்திவிட்டார்கள். முத்திரை இல்லை, கேனில் இரண்டு பாட்டில் குறைகிறது.

"இந்த நாய்தான் திருடிக் குடிச்சிருக்கான். வாயை மோந்து பாருங்க" என்றார் ரேஞ்சர்.

"ஐயா, நீங்கதானே குடிக்கச் சொன்னீங்க?"

அறை விழுந்தது. ஏட்டு சிரித்தார். "இன்னாடா, ரேஞ்சர் ஐயா வாயில ஊத்திவுட்டாரா? நீ இன்னா அவரு மாமனாரா?"

வாயில் சாராய நாற்றம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது பொய்யில்லை. சடையன் கேட்ட கையெழுத்தும் கிடைத்தது, புகார்த் தாளின் அடியில். ஆறு மாதம் தண்டனை. ஜெயிலில் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் "உன் தலையெழுத்து" என்றான். எந்தப் பிரம்மன் எழுதினான்? ரேஞ்சர் எழுதினார், சர்க்கார் தாளில், நீல மையில்.

வழக்கு இழுத்து, தண்டனை முடிந்து அவன் வெளியே வந்தபோது மறுபடி வெயில் ஏறியிருந்தது. பங்களா வாசலில் போய் நின்றான்.

"தண்டன வாங்கினவனுக்கு நிரந்தரம் கெடையாது, ரூல் அப்பிடி" என்றார் ரேஞ்சர். "தினக்கூலிக்கு ரூல் ஒண்ணும் இல்ல. அந்தச் சாக்கைப் பிரி, ஐஸ் கரையுது. இன்னிக்குப் பெரிய ஐயாவே வர்றாரு."

ஆபீஸ் மூலையில் புதுக் கேன் ஒன்று இருந்தது. சடையன் சாக்கைப் பிரித்தான், உப்புத் தூவினான், டப்பாவைத் திருப்பினான். ரேஞ்சர் டம்ளரை நீட்டியதும், சொல்லும் முன்பே வாங்கிக் குடித்தான். பிறகு வெயிலில் போய் மலையைப் பார்த்து நின்றான்.

"தெரியுதுங்க" என்றான்.