தாஹிரா மேடம் என்னிடம் மட்டும் சொன்னது

செய்தியைக் கொண்டுவந்தவர் எங்கள் தெருப் பாத்திரக்கடைக்காரரின் மனைவி. மூன்று வருடமாக என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பவர், சென்ற வாரம் இடுப்பில் மகளோடு நேராக வாசலுக்கு வந்து, “தாஹிரா மேடம் பூட்டாங்கம்மா. ஹார்ட் அட்டாக்காம்” என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

மேடம் புதுச்சேரியில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். எங்கள் செஞ்சியிலிருந்து அவரிடம் போய்வந்தவர்கள் நிறைய. கையைத் தூக்கச் சொன்னால் ஒருவரும் தூக்க மாட்டீர்கள். போகட்டும், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, எனக்கு இருபத்துநான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. கழுத்தில் வந்த கட்டியை நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். நான்கே நாளில் கீமோ தொடங்கியாக வேண்டும். அந்த மருந்து கருமுட்டைகளையும் அழித்துவிடலாம். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு முட்டைகளை உடம்புக்குள் வளர்த்து எடுக்க நேரமில்லை. முதிராத முட்டைகளையே எடுத்து, ஆய்வகத்தில் முதிரவைத்து, உறையவைக்கலாம் என்று டாக்டர் என்னை மேடத்திடம் அனுப்பினார்.

காத்திருக்கும் அறையில் பாத்திரக்கடைத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கூட வந்திருந்த நைனா, என் அப்பா, அவர்களைப் பார்த்தார், அவர்கள் நைனாவைப் பார்த்தார்கள். மூவரும் ஒரே நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தை ஆராயத் தொடங்கினார்கள். பிறகு நைனா என் கையைப் பிடித்து இழுத்தார். “வா, போலாம். விஷயம் வெளிய தெரிஞ்சா எவன் உன்ன கட்டுவான்?” நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு எழுந்து போனால் இன்னொரு நாள் கிடையாது.

சத்தம் கேட்டு மேடம் வெளியே வந்தார். “சார், கையெழுத்து போட வேண்டியது அவங்க. நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்து, “முட்டை உன்னோடது. நல்லதோ கெட்டதோ, உன்கிட்டதான் சொல்வேன்” என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

பதினொரு முட்டைகள் கிடைத்தன. எத்தனை முதிரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மறுநாள் முழுக்கப் போன் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலை, கீமோவின் முதல் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது நைனாவின் போன் அடித்தது. “எங்கிட்ட சொல்லும்மா, நான் சொல்லிடறேன்” என்று மூன்று முறை கேட்டுப் பார்த்தார். கடைசியில் முகம் சுண்டிப்போய்ப் போனை என் காதில் வைத்தார்.

“நாலு முதிர்ந்திருக்குது. உறைய வச்சாச்சு. ஏழு தேறல. நாலு குழந்தைன்னு கனவு காணாத. ஒண்ணுகூட நிக்காம போகலாம், தெரிஞ்சுக்கோ.”

ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷி என்று கோபம்தான் வந்தது. ஆனால் அந்த வருடம் என்னிடம் பேசிய அத்தனை பேரிலும் அவரைத்தான் நான் நம்பினேன்.

நோய் குணமாகிவிட்டது. மேடம் இறந்த மூன்றாம் நாள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையிடம் நானே சொன்னேன்: புற்றுநோய் வந்தது, நான்கு முட்டைகள் இருக்கின்றன, குழந்தை பிறக்கும் என்று உறுதி இல்லை. காபி ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். வலிக்கத்தான் செய்தது.

நல்லதோ கெட்டதோ, முகத்துக்கு நேராகச் சொல்லும் அந்தப் பழக்கத்தை நான் மேடத்திடமிருந்து எடுத்துக்கொண்டேன். நைனாவுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. நேற்று பஜாரில், நாலு பேர் திரும்பிப் பார்க்க, கல்யாணத் தரகரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார்:

“எம் பொண்ணுக்கு கேன்சர் வந்து சரியாயிடுச்சு. முட்டை ஆஸ்பத்திரியில பத்திரமா இருக்குது. இத மொதல்ல சொல்லு. அப்புறமா மாப்ளய கூட்டிட்டு வா.”