ஒப்பித்தாள், வாசிக்கவில்லை

என் கணவருக்குச் சாயல்குடி பக்கம் உப்பளத்தில் வேலை. பள்ளிக்கூடம் வெகு தூரம் என்பதால் மகள் வள்ளிக்கு நானே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். முதல் வகுப்புப் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பாள். எனக்குப் பெருமை தாங்காது.

சென்ற மழைக்காலத்தில் சின்னவனுக்கு இருமல். அவன் குடிக்கும் மருந்தும், கணவர் முழங்காலில் தடவும் மருந்தும் ஒரே மாதிரிப் புட்டிகளில் இருந்தன. ‘குடிக்க’, ‘தடவ’ என்று எழுதி ஒட்டியிருந்தேன்.

மாவு பிசைந்த கையோடு, “தம்பிக்கு மருந்து ஊத்திக் குடுடி” என்றேன். கற்பூர நெடி வந்து திரும்பினால், தடவுகிற மருந்து அவன் உதட்டருகே! பாய்ந்து கரண்டியைத் தட்டிவிட்டேன்.

“எழுதி ஒட்டியிருக்கேன்ல, வாசிக்கத் தெரியாதாடி?”

“பொஸ்தகத்துல உள்ளதுதாம்மா எனக்கு வரும்” என்று அழுதாள்.

புத்தகத்தைத் திறந்து நடுவில் ஒரு சொல்லைக் காட்டினேன். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்துதான் அதைச் சொன்னாள். ஒரு வருஷம் தொண்டை வறளக் கத்தியதெல்லாம் வீண்!

இப்போது மளிகைச் சாமான் கட்டிவரும் காகிதத்தைக் கொடுத்துத்தான் வாசிக்கச் சொல்கிறேன். அவள் ஒரு வரி முடிப்பதற்குள் சோறே வெந்துவிடுகிறது. எரிச்சலில், நானே சொல்லிவிட வாய் துடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மருந்தை மட்டும் நானே ஊற்றுகிறேன்.