பத்திரிகையில் போடாத பட்டம்

வரலாற்றில் எம்.ஏ. முடித்தவனுக்குச் சென்னையில் என்ன வேலை கிடைக்கும் என்று தொண்ணூறுகளில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்க்கிற வேலை கிடைக்கும் என்று சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேட்கவில்லை. பாண்டி பஜாரில் துணிக்கடைகளுக்கு மேலே மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. சைதாப்பேட்டையில் என்னோடு அறையில் தங்கியிருந்தவன் அதில் ஒன்றில் சேர்ந்தான், பிறகு பெங்களூர் போனான், பிறகு அமெரிக்கா. அவனுடைய கட்டில் மட்டும் எதிரே கிடந்தது. அதன்மேல் என் ஈரத்துணிகளைக் காயப்போட்டேன்.

பத்திரிகைக் கடை தி.நகரில், மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். முதலாளியைப் பாய் என்போம். நல்ல மனிதர், ஆனால் ஒரு விஷயத்தில் படு கறார். புரூஃபை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்று விடக்கூடாது. சொந்த வீட்டுத் தப்பு சொந்தக் கண்ணுக்குத் தெரியாது என்பார். அதனால் நான் ஒவ்வொரு வரியாக உரக்கப் படிக்க வேண்டும், "சரிதானா?" என்று கேட்க வேண்டும், அவர்கள் சரி என்ற பிறகுதான் அடுத்த வரி. முடிந்ததும் அவர்கள் ஒரு கையெழுத்து, அதன் கீழே நான் ஒரு கையெழுத்து. பகல் முழுக்க ஊரான் கல்யாணத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு அறைக்குத் திரும்பினால், பேச ஆள் கிடையாது. தொண்டை வலி மட்டும் மிச்சம்.

பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவது நம் ஊர் வழக்கம். பி.இ. என்றால் தடித்த எழுத்தில் கேட்பார்கள். எம்.எஸ். என்றால் பக்கத்திலேயே அமெரிக்கா என்றும் வர வேண்டும், விட்டுப்போனால் சண்டைக்கு வருவார்கள். எம்.ஏ. வந்தால் வெறும் எம்.ஏ.தான். என்ன எம்.ஏ. என்று எவனும் எழுதிக் கொடுத்ததில்லை.

மயிலாப்பூரில் இருந்த அக்காதான் எனக்குப் பெண் தேடினாள். அப்பா அம்மா இல்லாத குறைக்கு அவளே தெருத்தெருவாக அலைந்தாள். கடைசியில் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு இடம் வந்தது. பெண்ணின் அப்பா மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார், பெண் பி.காம்., ஜாதகமும் பொருந்திவிட்டது.

"ஹிஸ்டரின்னு நீயா வாயத் தொறக்காத. எம்.ஏ.ன்னா எம்.ஏ., அவ்ளோதான்," என்று அக்கா பஸ்ஸிலேயே எச்சரித்தாள்.

பஜ்ஜி வந்தது, காபி வந்தது. பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எம்.ஏ.ன்னா இன்னா எம்.ஏ. தம்பி?"

"வரலாறு."

"அதுக்கு இன்னா சம்பளம் குடுப்பாங்கோ?"

"அதுக்கு ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. பத்திரிகையில தப்புப் பாக்கறதுக்குத்தான் குடுக்கறாங்க. அச்சு மெஷின் ஓட்டறவருக்கு என்னவிட ஜாஸ்தி."

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளினால் என்ன, பொய்யா சொன்னேன்? படிப்புக்கு விலை கேட்டால் எனக்குச் சுர்ரென்று வரும். இன்றைக்கும் வரும்.

பேசிவிட்டு வரட்டும் என்று எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அக்கா கூடவே வந்து, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்க் கூவத்தை வேடிக்கை பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு எத்தனை நேரம்தான் பார்ப்பாள், பாவம். பெண்தான் முதலில் பேசினாள்.

"நானும் ஹிஸ்டரிதான். பி.ஏ., தபால்ல படிச்சேன்."

"பி.காம்.னு சொன்னாங்களே?"

"எங்கப்பா வெளில அப்டித்தான் சொல்லிக்கினு கீறாரு. பி.காம்.னா எங்கனா கணக்கு எழுதப் போவும், நாலு காசு கொண்டாரும்னு நெனைக்கறாங்க. ஹிஸ்டரின்னா ஜாதகத்தையே திருப்பிக் குடுத்துடறாங்க."

"அப்ப நாம ரெண்டு பேருமே செல்லாக்காசு."

"செல்லாக்காசத்தான் மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வெச்சிக்கீறாங்க," என்றாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். யாரோடும் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தபோது எனக்குத் துக்கமாகக்கூட இருந்தது. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான். அந்த வாரமே கட்டில்மேல் கிடந்த துணிகளை மடித்துவைத்துவிட்டு, சமையலறையோடு ஒரு போர்ஷன் கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கினேன். ஆசை யாரை விட்டது?

"ஜாதகம் பொருந்தலியாம்," என்று அக்கா வந்து சொன்னாள். "பொருந்தித்தானேடா வரச் சொன்னாங்க!" என்று அவளே அழுதாள். நான் அழவில்லை. கட்டிலில் மறுபடியும் துணி காயப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறு பாலம் வரை நடந்துபோய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடந்தேன். டீக்கடையில் "ஒரு டீ" என்று சொல்வதுதான் அந்த நாட்களில் நான் பேசிய மொத்தப் பேச்சு.

மார்கழியில் எங்கள் கடையில் கூட்டம் தள்ளும், எல்லாம் தை மாதக் கல்யாணம். அப்படி ஒரு நாள் புரூஃபை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே அவள். பக்கத்தில் அவளுடைய அப்பா. கூடவே கரைவேட்டி கட்டிய ஒருவர், மாப்பிள்ளையின் சித்தப்பாவாம். அப்பாவின் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் என்னை முன்பின் பார்த்திராதவர்போல நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

படித்தேன். பிள்ளையார் துணையிலிருந்து படித்தேன். மாப்பிள்ளையின் பெயர், எம்.சி.ஏ. "சரிதானா?" "சரி," என்றார் சித்தப்பா. அடுத்தது திருவளர்செல்வி, அவள் பெயர், பி.காம்.

அங்கே நின்றுவிட்டேன். தப்பு கண்ணெதிரே இருக்கிறது, அதைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். மாப்பிள்ளை வீட்டுக்கும் அதே பொய்தான் போயிருக்கிறது என்று புரிந்தது. பி.ஏ. ஹிஸ்டரிதானே என்று நான் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கல்யாணம் அங்கேயே நின்றுபோகும். கேட்கத்தான் தோன்றியது. அவள் அப்பா தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதானா?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "சரிதான் சார்."

மண்டபம், முகூர்த்தம், தங்கள் வரவை நாடுபவர்கள் என்று கடைசி வரி வரை படித்து முடித்தேன். சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

"கணீர்னு படிக்கிறியே தம்பி! நீ இன்னா படிச்சிக்கீற?"

அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"பி.காம். சார்," என்றேன்.

"அதான பாத்தேன். சோறு போடற படிப்பு," என்றார்.

அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே நான் போட்டேன்.