அன்பரசுவின் முட்டை ட்ரே

நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியர். நான் மலையை வரைந்தால் மலையாகவே இருக்கும். ஆட்டை வரைந்தால், மேச்சேரி ஆடுதானே என்று பார்த்தவன் சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட கை. என் மனைவி மலர்விழி ஒவ்வொரு படத்தையும் பார்த்து, "நல்லா இருக்குதுங்க" என்பாள். அதோடு சரி, அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அன்பரசு என்னோடு ஓவியக் கல்லூரியில் படித்தவன். அவனுக்கு ஒரு மாடுகூட ஒழுங்காக வரைய வராது. கொம்பு காதிலிருந்து முளைக்கும். இப்போது சென்னையில் பெரிய ஆள். சேலம் அருங்காட்சியகத்தில் டாடாயிசக் கண்காட்சி, என்னுடையதும் இருக்கிறது, தங்கச்சி மலர்விழியையும் கூட்டிக்கொண்டு வா என்று போன் செய்தான். போகாவிட்டால் பொறாமை என்பான். போனோம்.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் போர் நடந்தபோது, இந்த உலகத்துக்கு அர்த்தம் ஒரு கேடா என்று சில கலைஞர்கள் ஆரம்பித்த கூத்தாம் இது. சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். தலைகீழாகத் தொங்கிய குடை, ஆணி அடித்த தலையணை எல்லாம் தாண்டி அன்பரசுவின் 'படைப்பு'க்கு வந்தோம். ஒரு முட்டை ட்ரே. குழிக்குக் குழி முட்டைக்குப் பதில் ஃபியூஸ் போன குண்டு பல்பு. பக்கத்தில் காலி நாற்காலி. அதில் ஓர் அட்டை: 'கோழி டீ குடிக்கப் போயிருக்கிறது.'

மலர்விழி கோழிப்பண்ணையில் பிறந்து வளர்ந்தவள். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

"ஐயோ, டீ குடிக்கப் போயிருக்குதாமுங்க!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்பரசு பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான். "எப்படிங்கண்ணா இப்படியெல்லாம் தோணுது?" என்று அவனைக் கேட்டாள். பேரும் புகழும் அவனே வைத்துக்கொள்ளட்டும். அந்தச் சிரிப்பு எனக்குச் சேர வேண்டியது.

திரும்பும்போது ராசிபுரம் வரைக்கும் பஸ்ஸில் நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரம், என் செருப்பு இரண்டையும் ஃபிரிட்ஜில் தக்காளிக்கு நடுவே வைத்தேன். 'வெயிலில் அலைந்து களைத்தவர்கள்' என்று அட்டை எழுதினேன். ஓரத்தில் பூவேலைகூடப் போட்டேன்.

வந்து திறந்தாள். சிரிக்கவில்லை.

"கருமம்! செருப்பை எதுக்குங்க இதுக்குள்ள வெச்சீங்க?" என்றவள், கிட்டே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதுங்களா?"

"அன்பரசு வெச்சா கலை, நான் வெச்சா காய்ச்சலா?" என்று கத்திவிட்டேன்.

என்னையே பார்த்தாள். பிறகு ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். செருப்பைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, தெரியவில்லை. எதுவானால் என்ன, என் வீட்டில், என்னால் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். செருப்பையும் தக்காளியையும் படம் பிடித்தாள்.

"அன்பரசு அண்ணன் நம்பர் குடுங்க. அனுப்பி வெச்சா ரொம்பச் சந்தோசப்படுவாருங்க."

"எங்கிட்ட இல்லை" என்றேன். பிறகு கூடத்துக்குப் போய் அவன் நம்பரை அழித்தேன்.