கேம்ப் ரோட்டுப் பிறந்தநாள்

மன்னிப்பு என்ற சொல் அத்தையின் வாயில் வரவே வராது என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அத்தை அப்பாவின் அக்கா. பொதுக்குழாயில் எங்கள் தெருப் பெண்கள் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில், முதல் குடத்தைக் கொண்டுபோய் வைத்தவர் அவர்தான். பிறகு எங்கள் தெருவுக்குப் பெயரும் கதவு எண்ணும் கேட்டு மறியல் செய்து ஜெயிலுக்கு உள்ளே போனார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே விட்டுவிடுகிறோம் என்றார்களாம். அத்தை எழுதவில்லை. பதினைந்து நாள் கழித்துத்தான் வந்தார். 'ஏரிக்கரைத் தெரு' என்ற பலகை அப்படி வந்ததுதான்.

அப்பேர்ப்பட்டவர் சேலையூரில் உள்ளூர் கேபிள் சேனலுக்கு மேலாளரானபோது சொந்தக்காரர்களே சிரித்தார்கள். அத்தை போன உடனே பிறந்தநாள் நிகழ்ச்சியில் கைவைத்தார். மாலை ஆறு மணிக்குக் குழந்தைகளின் படம் போட்டு வாழ்த்துவார்கள். அதுவரை கடை முதலாளிகள் வீட்டுப் பிள்ளைகள்தான் அதில் வருவார்கள். இனி எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரலாம், ஆனால் பெயர், பெற்றோர், தெரு மூன்றும் கட்டாயம் என்று அத்தை சொல்லிவிட்டார்.

அந்த மூன்றாவதில்தான் எனக்குச் சிக்கல். எனக்கு ஒன்பது வயது. பள்ளியில் என் வீடு கடை முதலாளிகள் குடியிருக்கும் கேம்ப் ரோட்டில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். என் பிறந்தநாளுக்கு முன்தினம், அப்பா எழுதிய சீட்டையும் என் படத்தையும் சேனல் அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னார். வழியிலேயே சீட்டைக் கிழித்துப் போட்டேன். வேறொரு சீட்டில் கேம்ப் ரோடு என்று எழுதி, ஆபரேட்டர் அண்ணாவிடம் நல்ல பிள்ளையாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தோழிகள் பார்ப்பார்கள் என்று யோசித்த எனக்கு, எங்கள் தெருவும் பார்க்கும் என்று தோன்றவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. திரையில் ரிப்பன் கட்டிக்கொண்டு நான் சிரித்தேன். கீழே கேம்ப் ரோடு.

"இன்னாபா, நம்ம பாப்பா எப்ப கேம்ப் ரோட்டுக்குக் குடி போச்சு?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சிலர் சிரித்தார்கள். அத்தையோடு மறியலில் உட்கார்ந்த பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் சரியாத்தான் எழுதிக் குடுத்தேன். அந்தச் சீட்டை எடுத்தாரச் சொல்லுக்கா, யார் பண்ணதுன்னு பாத்துடலாம்!"

அத்தை என்னைப் பார்த்தார். நான் கேக்கைப் பார்த்தேன்.

அத்தை எழுந்து அந்தப் பெண்களைப் பார்த்துக் கைகூப்பினார். "என் ஆபீஸ்ல நடந்த தப்பு. நான் பாத்திருக்கணும். என்னை மன்னிச்சிக்கோங்க. நாளைக்குச் சரியா வரும்."

அத்தை உட்கார்ந்து, "கேக்கை வெட்டு கண்ணு" என்றார்.

மறுநாள் சரியாக வந்தது. சீட்டைப் பற்றி அத்தை அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. எனக்கு இருக்கும் நன்றியைச் சொல்லப்போனாலும் பேச்சை மாற்றிவிடுகிறார்.

அன்று பெரிய துண்டாக எடுத்துத் தின்றுகொண்டே, நல்லவேளை மாட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். பதினைந்து நாள் உள்ளே வைத்தும் அவர்களால் அத்தையிடம் வாங்க முடியாத சொல்லை, நான் ஒரே சீட்டில் வாங்கிவிட்டேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.