நசீமா வரைந்த சிவப்புக் கட்டம்

நேற்று கேளம்பாக்கம் சிக்னலில் அடுக்குமாடி விளம்பரத் தாள் ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். வழவழப்பான தாள். மூக்கருகே கொண்டுபோனேன், எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. அந்த மை வாசனையில் நீச்சல்குளமும் தோட்டமும் தெரியவில்லை. மேற்குத் தாம்பரத்தில், இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், நான் மூன்றாம் வகுப்பு வாத்தியாராக இருந்த சின்னப் பள்ளிக்கூடம்தான் தெரிந்தது.

அங்கே இதே வழவழப்புத் தாளில் அச்சிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் ஒன்று தாளாளர் அறையின் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அட்மிஷனுக்கு வருகிற பெற்றோர் பார்ப்பதற்காக. கெஞ்சிக் கூத்தாடி வாரம் ஒரு தொகுதி வாங்கிவருவேன். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ‘குண்டு புக்கு’. ஒரு பக்கத்தைத் திறந்தால் அன்று எல்லாப் பாடமும் அதிலிருந்துதான். திமிங்கிலம் வந்தால், அதன் எடைக்கு எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று கணக்கு; அது நீந்தும் கடலுக்கு வரைபடம்; தமிழுக்கு, அது நமக்கு எழுதுகிற கடிதம். பெரிய புதுமைக்காரன் என்று எனக்கு நானே தோளில் தட்டிக்கொள்வேன்.

இன்னொரு கையில் மர ஸ்கேல் இருந்ததைச் சொல்லாமல் விட்டால் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். திமிங்கிலத்தைத் தப்பாக வகுத்தால், நீட்டிய உள்ளங்கையிலோ விரல் முட்டியிலோ விழும். ஒருநாள் அடித்த அடியில் ஸ்கேலே ஒடிந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. “கண்ண மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடு சார்” என்று சொல்லித்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள். அடி உதவுவதுபோல அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நானும் நம்பினேன்.

நசீமா, மார்க்கெட் பக்கம் தோல் பைக் கடை வைத்திருந்தவரின் மகள். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். “வருஷக் கடைசிக்குள்ள பேசலன்னா டி.சி. குடுத்துடுவேன்” என்று தாளாளர் சொல்லியிருந்தார். அவளைப் பேசவைப்பது என் பொறுப்பு. ஸ்கேலால் அது முடியவில்லை.

குண்டு புக்கில் ‘தோல்’ பக்கம் வந்த வாரம், அவளே கடையிலிருந்து தோல் துண்டுகள் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தழும்பு எப்படி உண்டாகிறது என்று அந்தப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. “உங்க உடம்புல இருக்குற காயம், தழும்பு எல்லாம் எண்ணி, எதனால வந்துச்சுன்னு கட்டம் போட்டு வரைஞ்சுட்டு வாங்க” என்றேன். சைக்கிள், நாய், கொசு என்று வரும். ஒரே கல்லில் அறிவியல், கணக்கு என்று இரண்டு மாங்காய். பெருமை தாங்காமல் மறுநாள் தாளாளரையும் வகுப்புக்கு அழைத்தேன்.

நசீமா கையைத் தூக்கினாள். முதல் தடவையாக. ஸ்கெட்ச் பேனாவில் தீட்டிய தாளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, கணீரென்று படித்தாள்.

“கீழ வுழுந்தது ரெண்டு. அத்தா அடிச்சது மூணு. சார் அடிச்சது பதினொண்ணு. சார் கட்டம்தான் பெருசு. அதுக்கு செவப்பு குடுத்துகீறேன்.”

வகுப்பு சிரித்தது. தாளாளரும் சிரித்தார். அவள் என்னைப் பார்த்தாள். சரியாகச் செய்திருக்கிறேனா என்று கேட்கிற முகம். என் கையில் இருந்தது குண்டு புக்கு. அதாலேயே அடித்தேன். பெஞ்சு முனையில் போய் விழுந்தாள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அப்போதும் ஆத்திரம் அடங்காமல் அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்தேன்.

மறுநாள் அவள் அத்தா வந்து நின்றார்.

“அடிச்சதுக்கு வர்ல சார். நேத்து எம் பொண்ணு பேசுனாளாமே? இன்னா பேசுனா? வூட்ல கேட்டா சொல்ல மாட்டேங்கிறா.”

“பாடம்தான்” என்றேன். வெட்கம் கெட்டவன்.

இப்போது பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் செல்போன் கடைகள். ஸ்கேல் எடுக்கிற வாத்தியார்களும் அநேகமாக இல்லை, ஒழிந்தது நல்லதுதான். நசீமாவின் குரலை மட்டும் அதன்பிறகு நான் கேட்கவே இல்லை. ஒருநாள் பேசியது போதாது என்று தாளாளர் சொல்லிவிட, வருஷக் கடைசியில் அவள் டி.சி. வாங்க வந்த அன்று, அவள் உயரத்துக்குக் குனிந்து, “ஒரே ஒரு வார்த்தை பேசும்மா” என்று கெஞ்சினேன்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள்.