கேட் மெஷின்கள் பேசத் தொடங்கிய மார்கழி

நின்றுபோன கேட்

ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் யார்டின் கேட் ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அப்டேட் ஆக ஆரம்பித்தன. நீலத் திரை. நடுவில் சுற்றும் வெள்ளைப் புள்ளிகள். தயவுசெய்து அணைக்க வேண்டாம் என்று ஒரு வரி. வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. டிரைவர்கள் முதலில் ஹார்ன் அடித்தார்கள், பிறகு இறங்கி டீ குடித்தார்கள், பிறகு லாரியின் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன.

திருவொற்றியூரைத் தாண்டி, கடலைப் பார்த்தபடி இருக்கிறது அந்த யார்டு. கப்பலில் வந்து இறங்கிய பெட்டிகளும், கப்பலேறப்போகும் பெட்டிகளும் சில நாள் தங்கிப்போகும் இடம். நான் அங்கே சிஸ்டம் அட்மினாக இருந்தேன். பெயர்தான் பெரிது. மெஷின் படுத்தால் எழுப்ப வேண்டும், அதுதான் வேலை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் டூல்களைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். டூல்கள் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அன்று மதியம்தான் கேட் திறந்தது. மேனேஜர் தணிகாசலம் சார் என் மேஜைக்கு வந்தார். கோபப்படுகிற ஆளில்லை அவர். கவலைப்படுகிற ஆள்.

“மெஷினுக்கெல்லாம் வயசாயிடுச்சு செல்வம். புதுசு தர மாட்டாங்க. நீயே ஏதாவது பண்ணு. ஆனா எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். ஆளுக்கொண்ணுன்னு வெச்சா எனக்குத் தலை சுத்தும்.”

எங்கள் கேட் சாஃப்ட்வேர் பிரவுசருக்குள் ஓடுவது. பிரவுசர் மட்டும் போதும் என்றால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் போதும். அதையும் அப்படியே போட்டால் அந்தப் பழைய மெஷின்கள் மூச்சு வாங்கும். அதனால் அதை இளைக்க வைக்க வேண்டும்.

பெட்டிக்குள் போவது

லினக்ஸை இன்ஸ்டால் செய்ய ஐஎஸ்ஓ என்று ஒரே ஒரு ஃபைல் வரும். மொத்த ஆபரேட்டிங் சிஸ்டமும் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்து, உள்ளே போய், வேண்டாததை எடுத்து, வேண்டியதை வைத்து, மறுபடி மூடிப் புது ஐஎஸ்ஓ ஆக்கித் தரும் டூல்கள் இருக்கின்றன. எந்தக் கம்பெனியும் செய்ததல்ல. எங்கெங்கோ இருக்கிறவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் செய்தவை. முதல் தடவை நான் அப்படி உள்ளே போனபோது, ஆளில்லாத பெரிய பங்களாவுக்குள் டார்ச் லைட்டோடு நடப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு அறையிலும் யாரோ எதையோ விட்டுப்போயிருந்தார்கள். நான் பார்த்தேயிராத நாட்டின் கீபோர்டு. எந்த ஆபீஸிலும் இல்லாத பிரிண்டரை இயக்க ஒரு புரோகிராம். சீட்டாட்டம்.

எதையெல்லாம் எடுக்கலாம் என்பதற்கு இணையத்தில் ஆட்கள் தயாராகவே ஒரு பட்டியல் பகிர்ந்திருந்தார்கள். அதில் டிக் அடித்துக்கொண்டே போனேன். ‘பெரும்பாலானோருக்குத் தேவைப்படாதவை’ என்ற தலைப்பின் கீழ் ஸ்க்ரீன் ரீடர் என்று ஒன்று இருந்தது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் புரோகிராம். பார்வை இல்லாதவர்களுக்கானது. அதை எடுத்தால் மெஷின் இன்னும் லேசாகும்.

அங்கே நிறுத்திவிட்டேன். காரணம், பிலோமினாக்கா.

பிலோமினாக்கா

கேட் என்ட்ரி மேஜை அவருடையது. ராயபுரத்துக்காரர். லாரி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கன்டெய்னர் நம்பரை அடித்து அனுமதி கொடுக்க வேண்டும். நான்கு எழுத்து, பின்னால் ஏழு இலக்கம். ஒரு இலக்கம் தப்பினால் பெங்களூருக்குப் போகவேண்டிய பெட்டி வேறெங்கோ போய் நிற்கும். அவர் தப்பவிட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கு டிரைவர்களின் குரலே போதும், ஆளைப் பார்க்காமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதை அவருடைய பழக்கம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

சில மாதங்களாக, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் திரையில் ஒரு நேரத்தில் மூன்று நான்கு எழுத்துகள்தான் கொள்ளும் என்ற நிலை வந்துவிட்டது. அடுத்த தடவை கூப்பிட்டபோது, இன்னும் பெரிதாக்க முடியாது என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நடுவுல மட்டுந்தான் தெரிது செல்வா. ரெண்டு பக்கமும் யாரோ திரையை இழுத்துகினே வராங்க. டாக்டரு இது நிக்காதுன்னுட்டாரு.”

ஆபீஸுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரிந்தால் நல்ல மனதோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள், அந்த நல்ல மனதுதான் பயமாக இருக்கிறது என்றார். வீட்டில் எல்லோரும் வேலைக்கும் காலேஜுக்கும் போனபிறகு சுவரைப் பார்த்துக் குந்தியிருக்க வேண்டும். சுவரும் தெரியாமல் போகும் நாள் வரும். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“மெஷினு பேசும்னு சொல்றாங்களே. தமிழ்ல பேசுமா?”

பேசும் என்றேன். அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

குரல்

அன்று சாயங்காலம் ஸ்க்ரீன் ரீடரை ஓடவிட்டுக் கேட்டேன். இலவசமாகக் கிடைக்கும் தமிழ்க் குரல் அது. தகரக் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. ஆனால் தமிழ்தான். ஜன்னலுக்கு வெளியே கிரேன்கள் வெயில் தணிந்த புகைமூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தன. ரீச் ஸ்டாக்கர் வண்டி பெட்டியைத் தூக்கிப் பின்னால் வரும்போது எழுப்பும் பீப் ஒலி தூரத்தில் கேட்டது. அதற்கு நடுவில் உயிரில்லாத ஒரு குரல் என் திரையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தகரம் மறந்துபோய், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவதுபோல் ஆகிவிட்டது.

மறுநாள் பிலோமினாக்காவின் காதில் இயர்போனை வைத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் சிரித்துவிட்டார். அது கன்டெய்னர் நம்பரை இலக்கம் இலக்கமாகச் சொல்லாமல், கடைக்காரர் கூட்டிச் சொல்வதுபோல லட்சம், ஆயிரம், நூறு என்று வாசித்தது. எல்லா எண்ணையும் தனித்தனி இலக்கமாக வாசிக்கச் செய்ய ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டால் பெட்டியின் எடையையும் உதிர்த்து உதிர்த்துச் சொன்னது. அதுவும் அவருக்கு உதவவில்லை.

அந்த ஸ்க்ரீன் ரீடரைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இணைய மன்றம் ஒன்றில் இதை எழுதிப்போட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் பதில் எழுதினார்.

“உங்கட அக்காவுக்கு நாலு எழுத்துக்குப் பிறகு வாற எண் மட்டும் தனித்தனியா வேணும், மற்றதெல்லாம் வழமைபோல. அவ்வளவுதானே? நான் எழுதித் தாறன். போட்டுப் பாத்துச் சொல்லுங்கோ.”

அவர் எழுதி அனுப்பியது சில வரிகள்தான். போட்டதும் சரியாகிவிட்டது. நன்றி சொன்னபோது, தனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை என்றும், இந்தக் குரல் தமிழில் தடுக்கி விழும் இடங்களை ஒவ்வொன்றாகத் திருத்தி வருவதாகவும் எழுதினார். அவர் திருத்திய தமிழைத்தான் நான் கண்ணை மூடிக் கேட்டிருந்தேன். எங்கள் யார்டுக்கு முன்னால் இருக்கும் இதே கடல்தான் அவர் ஊர்வரை போகிறது என்று நினைத்தபோது, அது சின்னதாகத் தெரிந்தது.

எல்லா மெஷினிலும்

இனி மறைக்க வேண்டாம் என்று பிலோமினாக்காவே முடிவு செய்தார். மேனேஜரிடம் அவரே சொன்னார். நானும் உடன் இருந்தேன். தணிகாசலம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், பேசும் மெஷின் ஒன்றைத் தனியாகச் செய்து உள் ரூமில் போட்டுவிடலாம், அவசரமில்லாத வேலையாகப் பார்த்துக் கொடுக்கிறேன், கேட் வேண்டாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

பிலோமினாக்கா குரலை உயர்த்தவில்லை.

“எனக்குன்னு ஒரே ஒரு மெஷின் வெச்சிட்டு, அது படுத்துகிச்சினா நானும் அன்னிக்குப் படுத்துக்கணுமா சார்? எல்லாத்துலயும் போடுங்க. வோணும்னா தொறந்துக்கட்டும், வோணாட்டி அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நீங்கதானே எல்லாம் ஒரே மாறி இருக்கணும்னீங்க.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். மெஷினுக்கு எடை கூடுமா என்று கேட்டார். கொஞ்சம் கூடும், வேறு எதையாவது எடுத்துச் சரிகட்டிவிடலாம் என்றேன். ஒருநாள் காலை கேட்டில் உட்கார்ந்து காட்டட்டும், பக்கத்தில் நான் இருப்பேன், அப்புறம் சொல்கிறேன் என்றார்.

அந்தக் காலை மார்கழியில் வந்தது. கடற்கரைச் சாலை முழுக்கப் பனி. லாரிகளின் விளக்குகள் முதலில் மஞ்சளாகக் கரைந்து தெரிந்தன. பிறகு முகப்பு தெரிந்தது, பெட்டி தெரியவில்லை. எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல மெதுவாக நடந்தது. பிலோமினாக்கா ஒரு காதில் இயர்போனை வைத்து, மறு காதை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். டிரைவர் நம்பரைச் சொல்வார். இவர் அடிப்பார். மெஷின் திருப்பிச் சொல்லும். இவர் தலையசைத்து என்டரைத் தட்டுவார். மேனேஜர் பின்னால் நின்று டீயைக் கையில் வைத்திருந்தார். குடிக்கவில்லை.

ஒரு டிரைவர் கேபினிலிருந்தபடியே நம்பரைச் சொன்னார். அப்படி ஒரு பெட்டி பதிவில் இல்லை என்று மெஷின் சொன்னது. பிலோமினாக்கா ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

“நைனா, அது நேத்து இட்டாந்த பெட்டி நம்பரு. எறங்கிப் போய் கதவுல பாத்துட்டு வா.”

அவர் இறங்கிப் பனிக்குள் மறைந்தார். திரும்பி வந்து வேறு நம்பர் சொன்னார். இலக்கங்கள் ஒவ்வொன்றாக அந்தத் தகரக் குரலில் பிலோமினாக்காவின் காதில் விழுந்திருக்கும். எனக்குக் கேட்கவில்லை. அவருடைய விரல் என்டரில் விழுந்த சத்தம்தான் கேட்டது. கேட்டின் தடுப்புக் கம்பி மேலே போயிற்று.

பனி விலகியபோது மேனேஜர் டீயைக் குடித்திருந்தார். ஆறிப்போயிருக்கும். ஹெட் ஆபீஸில் நான் பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிலோமினாக்காவின் மேஜை மாறவில்லை. அந்த வாரமே எல்லா மெஷினிலும் புது ஐஎஸ்ஓவைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்டாலேஷன்

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒருநாள் பிலோமினாக்கா கேட்டார், லினக்ஸைப் போட்ட பிறகு மெஷின் பேசுவது சரி, போடும்போது பேசுமா என்று. எதற்கு என்றேன். நானே போட்டுப் பார்க்கணும் என்றார்.

இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி வைப்பதுதான் எங்கள் வழக்கம். ஒருவர் பல மெஷினுக்குப் போடும்போது அது வசதி. இப்போது அதை மாற்றினேன். பென் டிரைவைச் செருகி ஆன் செய்ததுமே குரல் எழுந்திருக்க வேண்டும், கேள்விகளைத் தமிழில் கேட்க வேண்டும். சில கேள்விகளுக்குத் தமிழே இல்லை. நானும் யாழ்ப்பாணத்துக்காரரும் இணையம் வழியாகவே உட்கார்ந்து எழுதினோம். அவருக்கு ‘பயனாளர்’ பிடிக்கவில்லை, எனக்கு ‘யூசர்’ போதும். கடைசியில் ‘உங்கள் பெயர் என்ன’ என்றே வைத்தோம்.

கேட்டில் ஒரு மெஷினின் ஹார்ட் டிஸ்க் போய்ப் புதிது மாட்டிய சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நேரே யார்டுக்கு வந்தார். தலையில் மல்லிகை, கையில் ஊன்றுகோல். பார்வை ஏறக்குறைய மூடிவிட்டிருந்தது. நீ வாசலுக்கு வெளியே நில், வாயைத் திறக்காதே என்றார். நின்றேன்.

யார்டு காலியாக இருந்தது. அடுக்கி வைத்த பெட்டிகளின் இடுக்கில் காற்று போகும் சத்தம். உள்ளே ஸ்பீக்கரில் குரல் எழுந்தது. மொழி கேட்டது, கீபோர்டு கேட்டது. டிஸ்க் முழுவதும் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. அங்கே அவர் நீண்ட நேரம் எதையும் தட்டவில்லை. உள்ளே போய்விடலாமா என்று எனக்குக் கால் பரபரத்தது. பிறகு என்டர் விழுந்தது.

உங்கள் பெயர் என்ன.

அவர் அடித்தார். குரல் ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொன்னது. பி. லோ. மி. னா. பிறகு சேர்த்து ஒருமுறை சொன்னது. யாரோ அவரைத் தூரத்திலிருந்து கூப்பிட்டதுபோல இருந்தது. ம், என்று அவர் பதில் சொன்னது என் காதில் விழுந்தது.

அதன்பிறகு நான் பல இடங்களில் பல மெஷின்களுக்குப் போட்டேன். எதை எடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், அதில் உட்காரப்போகிறவரிடம் போய்ப் பேசிவிடுவேன். ஒருவருக்கு வேண்டியதை அவருக்கென்று தனியாகச் செய்யாமல் எல்லோருக்கும் போகும் ஐஎஸ்ஓ பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவேன். நான் கற்றுக்கொண்டது இதுதான். இதைச் செய்ய எந்த டூலும் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஃபைல்கள் ஏறிக்கொண்டிருந்தபோது பிலோமினாக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். குரல் நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, அவ்வப்போது எத்தனை சதவீதம் என்று சொன்னது.

“இம்மா நேரம் ஆவுதே, நீ இன்னா பண்ணிகினு இருப்ப?”

ஒன்றும் செய்ய மாட்டேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றேன்.

“சரி, சொல்லு. இன்னா தெரிது?”

வெளியே ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. முன்பக்கம் எந்த நிறம், மேலே எத்தனை அடுக்கு, பின்னால் நுரை எப்படி வளைகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் தாடையைக் கையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். மெஷின் நூறு என்று சொன்னது எங்கள் இருவருக்குமே காதில் விழவில்லை. அது இரண்டாவது தடவை கூப்பிட வேண்டியிருந்தது.